ஆறு சுற்று டேப்

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஒரு மே மாதத்து மத்தியானம் நடந்தது இது. கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுகிற கடற்கரை ஊர் எங்களுடையது. ஊர்ப் பேரைச் சொல்லவில்லை. சொன்னால் அந்த வீட்டையும் கை நீட்டிக் காட்டியது போல ஆகிவிடும்.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நடந்தது எல்லாம் அந்தப் பெருமையால்தான். வளைகுடாவில் ஒரு கம்பெனி ஸ்டோரில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். சாமான்களைப் பேக் செய்து கப்பலேற்றுவதுதான் தொழில். நம் ஆட்கள் யார் லீவில் ஊருக்குக் கிளம்பினாலும் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்குத்தான் வருவார்கள். நான் கட்டிய பெட்டியை ஏர்போர்ட்டில் எப்படித் தூக்கி எறிந்தாலும் ஒரு மூலை நசுங்காது. எங்கள் ஊரில் கல்ஃப் பெட்டி பிரிப்பது என்பது ஒரு சின்னத் திருவிழா. வீடே சுற்றி உட்கார்ந்திருக்கும். வெட்டுக்கத்தி, பிளேடு எல்லாம் வரும். பிரிக்க எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவு நல்ல பேக்கிங் என்று பேச்சு. "யாரு கெட்டுனது இது?" என்று கேட்டால் என் பேரைச் சொல்வார்கள். அதில் எனக்கு ஒரு கிறக்கம் உண்டு, மறைப்பானேன்.

ஊரோடு வந்து தங்கிய பிறகு ஒரு நாள், மாதா கோயிலில் அன்பியக் கூட்டம், பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடி ஜெபிக்கிற கூட்டம். புயலில் எங்கள் ஊர் ஆண்கள் சிலர் திரும்பி வராமல் போன துக்கம் ஆறவில்லை. அதற்கு மேல் வருஷா வருஷம் கோடையில் கடல் ஊருக்குள் ஏறுகிறது. ஒவ்வொரு வீட்டிலும் ஆபத்துக்கு ஒரு பெட்டி தயாராக இருக்க வேண்டும், மருந்து, விளக்கு, பிஸ்கட், அடையாள அட்டை எல்லாம் அதில் இருக்க வேண்டும் என்று பங்குச் சாமியார் சொன்னார். யார் செய்வது என்ற கேள்வி வருவதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். கம்பெனியில் வருஷந்தோறும் இரண்டு நாள் முதலுதவிப் பயிற்சி கொடுப்பார்கள். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். பேக்கிங்கும் தெரியும், முதலுதவியும் தெரியும், என்னை விட்டால் வேறு யார்?

பெயின்ட் அடிக்கிறவர்களிடம் சொல்லிவைத்து, மூடி போட்ட பத்து லிட்டர் காலி வாளிகளாக நாற்பது சேர்த்தேன். கழுவி, வெயிலில் காய வைத்து, வடசேரியில் மொத்தக் கடையில் சாமான் எடுத்து, கோயில் ஹாலில் வரிசையாக அடுக்கினேன். சுருள் துணிக்கட்டு, பஞ்சு, மருந்துத் துணி, காய்ச்சல் மாத்திரை, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலம், தண்ணீர் சுத்தமாக்கும் மாத்திரை, டார்ச், பேட்டரி, விசில், மெழுகுவர்த்தி, பிஸ்கட். எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணில் முதலில் படுகிற மாதிரி ஒரு கத்தரிக்கோல். என்னென்ன இருக்கிறது என்று தமிழில் டைப் அடித்து மூடியின் உள்பக்கம் ஒட்டினேன். அவரவர் வீட்டு ஆதார், ரேஷன் கார்டு நகலையும் கொண்டுவந்து வைக்கச் சொன்னேன். சிலர் நகலோடு நிற்காமல் ஒரிஜினலையே கொண்டுவந்து வைத்தார்கள். வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் இல்லை என்று சொன்னார்கள். எனக்கும் அது சரி என்றே பட்டது.

பிறகு டேப். ஊருக்கு வரும்போது ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தேன். உள்ளே நூல் இழை ஓடுகிற டேப் அது. கையால் கிழியாது, பல்லாலும் கிழியாது. மூடியைச் சுற்றி மூன்று, குறுக்கே மூன்று, ஆக ஆறு சுற்று. தண்ணீர் புகக்கூடாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, எங்கள் வீடுகளின் லட்சணம் எனக்குத் தெரியும். டிவி ரிமோட்டுக்குப் பேட்டரி தீர்ந்தால் வாளியில் இருந்து எடுப்பார்கள். பிள்ளைகள் பிஸ்கட்டைத் தின்றுவிடும். ஒரு மாதத்தில் வாளியில் அரிசி இருக்கும். அதனால் ஆபத்து வரும் வரைக்கும் யாரும் தொடக்கூடாது என்று, ஹாலில் நான் எடுத்த முதலுதவி வகுப்பில் கறாராகச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் நாற்பது வாளியின் மேலும் தீர்த்தம் தெளித்தார். வீடு வீடாக வந்து வாங்கிப் போனார்கள். என் சித்தி மகளும் வந்தாள். எனக்குத் தங்கை முறை. மீன் வியாபாரம் அவளுக்கு. விடியற்காலையில் கரையில் ஏலம் எடுத்து, கொட்டாரம் வரைக்கும் பஸ்ஸில் கொண்டுபோய் விற்பாள். கணவர் கொச்சிப் பக்கம் விசைப்படகில் வேலை. ஒரே மகள், கல்லூரியில் கடைசி வருஷம். எங்கள் ஊரில் என்னைக் கேலி பண்ணத் தைரியமுள்ள ஒரே ஆள் அவள்தான். வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணே, இதத் தொறக்கதுக்கு இன்னொரு புயல்தான் வரணும் போல இருக்கே" என்றாள்.

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். தொறக்க வேண்டிய நேரமே வரப்பிடாதுன்னு மாதாகிட்ட வேண்டிக்கோ என்று சொல்லி அனுப்பினேன். அவள் அதைக் கொண்டுபோய் வீட்டில் மாதா படத்துக்குக் கீழே வைத்தாள். முக்கால்வாசி வீடுகளில் அங்கேதான் வைத்திருந்தார்கள்.

வாளி கொடுத்து ஏழெட்டு மாதம் கழித்துத்தான் அந்த மே மாதம் வந்தது.

கள்ளக்கடல் என்று நாங்கள் சொல்வதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். காற்று இருக்காது, மழை இருக்காது. வெயில் பாட்டுக்குக் காய்ந்துகொண்டிருக்கும். எங்கோ தூரத்துக் கடலில் எழும்பிய அலை சத்தம் போடாமல் வந்து ஊருக்குள் ஏறும். அன்றைக்கும் அப்படித்தான். காலையிலேயே எச்சரிக்கை வந்தது. ஆனால் எச்சரிக்கை வாரத்துக்கு ஒன்று வருகிறது. சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். மூன்று மணி வாக்கில் கோயில் மணி விடாமல் அடித்தது. எழுந்து ஓடினேன்.

முதல் அலை தடுப்புச் சுவர்க் கல்லைத் தாண்டி ரோட்டைத் தொட்டுவிட்டுப் போயிருந்தது. முன்வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாரும் கோயில் மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். என் தங்கையும் மகளும் ஏறிவிட்டார்கள். ஏறின பிறகு அவள் திரும்பிப் போனாள். வாளியை எடுக்கப் போனாள். மகளின் மார்க் ஷீட் அத்தனையும் அதற்குள் இருந்தது. அதோடு, ஓடும்போது வேறு எதையும் எடுக்காதீர்கள், வாளியை எடுத்துக்கொண்டு ஓடுங்கள் என்று வகுப்பில் ஒன்றுக்குப் பத்துத் தரம் சொன்னவன் நான்.

வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வெளியே வரும்போது அடுத்த அலை வந்தது. சமையல் சாய்ப்பின் தகரத்தைப் பிய்த்து அவள் மேல் அடித்தது. வலது காலில், முட்டுக்கு மேலே தொடையில் வெட்டு. இரண்டு பேர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவளைத் தூக்கி வந்து கோயில் படியில் கிடத்தினார்கள். அந்த நிலையிலும் அவள் வாளியை விடவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது படியில் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முதலில் வந்த வார்த்தை, "வாளியக் கொண்டா."

பத்துப் பேர் வாளியைப் பிடித்தோம். கையெல்லாம் ஈரம், மணல். டேப்பின் நுனி எங்கே என்று தெரியவில்லை. நுனி தெரியாமல் தேய்த்து ஒட்டுவது என் கைத்திறமை. நகத்தால் கீறினேன், வழுக்கியது. பல்லால் கடித்தேன். பக்கத்தில் ஒருவர் சாவியால் குத்தினார், வளைந்தது. படி முனையில் ஓங்கி அடித்துப் பார்த்தோம். பெயின்ட் வாளி, அத்தனை லேசில் உடையுமா? யாராவது கத்தி கொண்டுவாருங்கள் என்று கத்தினேன். மீன் வெட்டுகிற ஊர். வீட்டுக்கு மூன்று கத்தி இருக்கும். அத்தனை கத்தியும் அந்த நேரம் தண்ணீருக்குள் இருந்தது. ஒருவர் மேலத்தெருவுக்கு ஓடினார்.

"தொறந்தாச்சா அண்ணே?" என்று அவள் கேட்டாள். குரலில் பயம் இல்லை. கடையில் சாமான் கேட்டுவிட்டுக் காத்திருப்பவள் மாதிரிக் கேட்டாள். இந்தா ஆச்சு என்று சொன்னேன். கொஞ்சம் கழித்து இன்னொரு தரம் கேட்டாள். அதற்கும் இந்தா ஆச்சு என்றேன். மூன்றாவது தரம் அவள் கேட்கவில்லை.

வெட்டுக்கத்தி வந்தது. ஒரே வெட்டில் மூடி பிளந்தது. நான் அடுக்கியது அடுக்கியபடி, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் உள்ளே இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே கத்தரிக்கோல் பளபளவென்று கிடந்தது. டேப்பை வெட்டுகிற கத்தரிக்கோலை டேப்புக்குள் வைத்துக் கட்டியவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

மருந்துத் துணியை எடுத்துத் திரும்பினேன். அவள் உதடு வெளுத்திருந்தது. தலை மகளின் மடியில் இருந்தது. கட்டுப் போட்டேன், அழுத்திப் போட்டேன். வகுப்பில் சொன்னபடி எல்லாம் செய்தேன். ரோட்டில் கல்லும் மணலும் குவிந்து கிடந்ததால் ஆம்புலன்ஸ் ஊருக்குள் வர முடியவில்லை. கட்டிலில் தூக்கிக்கொண்டு முக்கு வரைக்கும் ஓடினோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சின்னப் பெண். அடிபட்ட உடனே அமுக்கிப் பிடித்தீர்களா என்று கேட்டாள். கட்டுப் போட்டோம் என்றேன். அதற்கு முன்னாடி என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். திரும்பிக் கேட்காமல் உள்ளே போய்விட்டாள். வெயில் தாழும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கத்துக்குக் கணவர் கொச்சியில் இருந்து வந்து சேர்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, மச்சான் நீங்க இவ்வளவு செய்து வச்சும் நமக்குக் கொடுத்து வைக்கலையே என்று அழுதார். அதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம்.

மூன்றாம் நாள் ஒரு பிளேடை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். மீதி முப்பத்தொன்பது வாளியின் டேப்பையும் நானே அறுத்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஒரு வீட்டில், கோயில்ல மந்திரிச்சது, அறுத்தா ஆகாது என்று தடுத்தார்கள். கெஞ்சித்தான் அறுத்தேன். மூடியைத் திறக்கத் திறக்க எனக்குத் தாங்கவில்லை. நான் டேப் சுற்றும் முன்பே, நான் வைத்த சாமானோடு ஒவ்வொரு வீடும் தன் பங்கையும் உறையில் போட்டு வைத்திருந்தது. மகனின் பாஸ்போர்ட், கல்யாணப் போட்டோ, புயலில் போனவரின் கைக்கடிகாரம். இவற்றை எல்லாம் எடுக்க இவர்கள் ஒவ்வொருவரும் தண்ணீருக்குள் திரும்பிப் போவார்கள் என்று அன்றைக்குத்தான் புத்தியில் உறைத்தது. சாரமில்லை, போகட்டும், உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். டேப்தான் குற்றம், டேப்பை அறுத்தாகிவிட்டது என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு வரும்போது, தங்கை மகள் என் பக்கத்தில் நடந்து வந்தாள். இத்தனை நாளும் அவள் என்னிடம் அதிகம் பேசவில்லை. நானாகத்தான், மாமா அந்த டேப்ப சுத்தாம இருந்திருந்தா என்று ஆரம்பித்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

"டேப்பு இல்ல மாமா. அன்னைக்கு எல்லாரும் வாளியத்தான் பாத்தோம். அம்மைய ஒருத்தரும் பாக்கல. நானும் வாளியத்தான் பாத்துட்டு இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டாள்.

அப்படி இருக்காது, யாராவது ஒருத்தர் துணியை வைத்து அமுக்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பையன் அன்றைக்கு அலை ஏறுவதை மொட்டை மாடியில் நின்று செல்போனில் எடுத்திருந்தான். அந்த வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் கோயில் படி தெரிகிறது. வாளியைச் சுற்றி ஒரு கூட்டம். அத்தனை பேரும் என் தங்கைக்கு முதுகைக் காட்டி நிற்கிறோம். மகள் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் தோளில் துப்பட்டா கிடக்கிறது. என் தோளில் துண்டு கிடக்கிறது. கூட்டத்தில் எட்டுப் பத்துத் துண்டு, இருபதுக்கு மேல் கை. ஒரு துண்டை மடித்து, ஒரு உள்ளங்கையை வைத்து, உடம்புப் பாரத்தைக் கொடுத்து அமுக்கினால் போதும். வகுப்பில் முதல் பாடமாக நான் சொன்னதுதான் அது. கருவி இல்லாவிட்டால் கையால் அமுக்குங்கள் என்றேன். ஆனால் எங்களிடம் கருவி இருந்ததே, அதனால் யாருக்கும் கை ஞாபகம் வரவில்லை. வெட்டுக்கத்தி வரும் வரை எட்டு நிமிஷம். அந்த எட்டு நிமிஷத்தில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. அமுக்கியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. டாக்டரிடம் போய்க் கேட்கத் தைரியம் வரவில்லை, இன்றைக்கு வரைக்கும் வரவில்லை.

ஏறக்குறைய ஒரு வருஷம் எதிலும் தலையிடவில்லை. சான்றிதழைக் கழற்றி வைத்துவிட்டேன். அடுத்த கோடைக்கு முன்னால், திரும்ப வகுப்பு எடுக்கச் சொல்லி சாமியார் கூப்பிட்டார். மாட்டேன் என்றேன். தெரிந்து தவறியவன் சொன்னால்தான் கேட்பார்கள் என்றார். போனேன்.

இப்போது வாளி கிடையாது. இழுத்தால் திறக்கிற துணிப்பை. வாசல் கதவின் பின்னால் ஆணியில் தொங்கும். கத்தரிக்கோல் பைக்கு வெளியே கயிற்றில் கட்டியிருக்கும். சர்ட்டிபிகேட், போட்டோ எதுவும் அதில் வைக்கக் கூடாது, அதெல்லாம் உறவுக்காரர் வீட்டில், கடலுக்குத் தூரமாக. தண்ணீர் வந்தால் பையையும் விட்டுவிட்டு ஓடு என்று சொல்கிறேன். பேட்டரி காணாமல் போகத்தான் செய்கிறது. போகட்டும், மாதம் ஒரு தரம் போய்ப் பார்த்து வைத்துவிட்டு வருகிறேன்.

அப்படித் திரும்ப எடுத்த முதல் வகுப்பை வெறுங்கையோடுதான் ஆரம்பித்தேன். மேஜையில் ஒரு பஞ்சுகூட வைக்கவில்லை. எப்படி அமுக்க வேண்டும் என்று காட்ட யாராவது முன்னால் வாருங்கள் என்றேன். ஒருவரும் எழும்பவில்லை. கடைசி வரிசையில் இருந்து தங்கை மகள் வந்தாள். அவள் வந்திருந்ததே எனக்குத் தெரியாது. என்னைத் தரையில் படுக்கச் சொன்னாள். என் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து, என் வலது தொடையில், முட்டுக்கு மேலே சரியாக அதே இடத்தில் வைத்து, இரண்டு கையாலும் அமுக்கினாள்.

பத்து நிமிஷம் கையை எடுக்காமல் அமுக்க வேண்டும், நடுவில் தூக்கிப் பார்க்கக் கூடாது என்பது கணக்கு. ஒரு நிமிஷம் ஆனதும், போதும் மக்கா, எல்லாருக்கும் புரிஞ்சாச்சு என்றேன். "கெடங்க மாமா" என்றாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று நிமிஷத்தில் கால் மரத்தது. ஐந்தாவது நிமிஷத்தில் அவள் முழங்காலை மாற்றி ஊன்றினாள். கையை எடுக்கவில்லை. வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது. எட்டாவது நிமிஷம் வந்தபோது அவள் கண்ணில் இருந்து என் வேட்டியில் சொட்டியது. அப்போதும் எடுக்கவில்லை.

பத்து நிமிஷம் ஆனதும் எழுந்து, தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு எழும்ப முடியவில்லை, இரண்டு பேர் பிடித்துத் தூக்கினார்கள்.

கடல் இரைகிற சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் கை தானாக வலது தொடைக்குப் போகிறது. எட்டு நிமிஷம் என்பது எத்தனை நீளம் என்று எனக்குத் தெரியும், அத்தனை நேரமும் என் தங்கை என் இரண்டு கைக்கும் எட்டுகிற தூரத்தில்தான் கிடந்தாள்.